அளந்து முடியாத சேர்மங்கள்

காந்தப் பண்புள்ள உலோக அணைவுச் சேர்மங்களைப் பற்றி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரே வகை நடைமுறை படிந்துவிட்டது. புதிய ஈனி ஒன்றைத் தயாரிக்கிறார்கள். உலோக அயனியோடு சேர்த்துப் படிகம் வளர்க்கிறார்கள். எக்ஸ்-கதிர் கொண்டு அமைப்பைத் தீர்க்கிறார்கள். தூளாக்கிய மாதிரியில் ஏ.சி. காந்த ஏற்புத்திறனை அளக்கிறார்கள். பிறகு தளர்வு நேரத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராகக் குறித்து, நேராகத் தெரியும் நான்கைந்து புள்ளிகள் வழியே ஒரு கோடு இழுத்து, அதன் சாய்விலிருந்து ஆற்றல் தடை என்று ஓர் எண்ணை எடுக்கிறார்கள். அந்த எண் கட்டுரையின் சுருக்கத்தில் ஏறியதும் சேர்மத்தின் கதை முடிந்துவிடுகிறது. அடுத்த ஈனிக்கான வேலை தொடங்கிவிடுகிறது. இந்தப் பழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் வாதம். நம் துறையின் பெரிய திருப்பங்களில் மிகப் பல, புதிதாகச் செய்த சேர்மத்தில் நிகழவில்லை. ஏற்கெனவே செய்யப்பட்டு, அமைப்பும் தெரிந்து, அச்சிலும் வந்துவிட்ட சேர்மத்தை வேறொரு கேள்வியோடு யாரோ மறுபடி அளந்தபோது நிகழ்ந்தன. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலர் தாந்தே காத்தெஸ்கியின் ஆய்வு வாழ்க்கை இதற்கு மிகத் தெளிவான சான்று. அவரிடம் போகுமுன் அவருக்கு முந்திய ஒரு சேர்மத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அவருடைய பள்ளி எந்த மண்ணில் வேர் விட்டது என்பது அதில் தெரியும்.

தாமிர அசிட்டேட்டை வேதியியல் மாணவர் எல்லோரும் அறிவர். அதன் நீலப்பச்சைப் படிகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலருக்கே பழைய பொருள். இரட்டை நேர்மின் தாமிர அயனியில் இணையாத எலக்ட்ரான் ஒன்று உண்டு; ஆகவே குளிர்விக்கக் குளிர்விக்க அதன் காந்த ஏற்புத்திறன் ஏறிக்கொண்டே போகவேண்டும். 1951இல் பி. சி. குஹா இச்சேர்மத்தைத் தாழ்ந்த வெப்பநிலைகளில் அளந்து வெளியிட்டபோது, ஏற்புத்திறன் அறை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு, பிறகு குறைந்துகொண்டே போனது. மறு ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் பிளீனியும் பவர்ஸும் இதன் படிகத்தை எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வில் வைத்துப் பார்த்தார்கள். தனித் தாமிர அயனிக்குரிய நிறமாலை அங்கே இல்லை. இரண்டு இணையாத எலக்ட்ரான்கள் கொண்ட அயனிக்குரியதைப் போன்ற ஒன்று இருந்தது. அதுவும் குளிர்வித்தால் மங்கியது. தாமிர அயனிகள் இரண்டிரண்டாகப் பிணைந்திருக்கின்றன, அடிமட்ட நிலையில் அவற்றின் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன, காந்தமுள்ள நிலை அதற்குச் சற்று மேலே இருக்கிறது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். நான்கு அசிட்டேட் பாலங்களால் இணைந்த தாமிர இரட்டையை வான் நீகெர்க்கும் ஷோனிங்கும் எக்ஸ்-கதிரில் கண்டது அதற்கு அடுத்த ஆண்டு, 1953இல். அமைப்பு தெரியும் முன்பே காந்த அளவீடு அமைப்பைச் சொல்லிவிட்டது. இன்று இருகரு தாமிரச் சேர்மங்களுக்கு நாம் பொருத்திப் பார்க்கும் சமன்பாடு பிளீனி, பவர்ஸ் இருவர் பெயரில்தான் வழங்குகிறது. இத்தனைக்கும் புதிய தொகுப்பு எதுவும் தேவைப்படவில்லை.

காத்தெஸ்கி வளர்ந்தது ஃபுளோரன்ஸில் லூயிஜி சக்கோனி கட்டியெழுப்பிய கனிம வேதியியல் பள்ளியில். இடைநிலை உலோகங்களின் அணைவு வடிவங்களை நிறமாலையாலும் காந்த அளவீட்டாலும் ஆராய்வது அங்கே மரபு. அவர் எடுத்துக்கொண்ட கருவி எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு. ஒன்றோடொன்று பரிமாற்ற இடைவினையில் இருக்கும் அயனிகளின் நிறமாலையை எப்படி வாசிப்பது, ஒவ்வோர் அயனியின் திசைசார்பும் மொத்த மூலக்கூறின் திசைசார்பில் எந்த அளவுக்குப் பங்களிக்கிறது என்ற கேள்விகளில் பல ஆண்டுகள் உழைத்தார். பெஞ்சினியோடு சேர்ந்து 1990இல் அவர் வெளியிட்ட நூல் அந்த உழைப்பின் திரட்சி. இன்றும் அதைத் திறக்காமல் இத்துறையில் யாரும் வேலை செய்ய முடியாது. எண்பதுகளில் மாங்கனீசு அயனிகளையும் நைட்ரோக்சைடு வகைக் கரிமத் தனி உறுப்புகளையும் மாறிமாறிக் கோத்த சங்கிலிச் சேர்மங்களை அவருடைய குழு ஆராய்ந்தது. இந்தப் பின்புலத்தைச் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்து வந்த மாங்கனீசு-12 கண்டுபிடிப்பை நல்ல நேரம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அளக்கத் தெரிந்தவர் கையில் அந்தச் சேர்மம் போய்ச் சேர்ந்தது என்பதே உண்மைக்கு அருகில் வருகிறது.

மாங்கனீசு-12 அசிட்டேட்டை 1980இல் போலந்தின் விரோட்சுவாஃப் நகரில் ததேயுஷ் லிஸ் தயாரித்து அமைப்பை வெளியிட்டார். செய்முறை எளியது: அசிட்டிக் அமிலக் கரைசலில் மாங்கனீசு அசிட்டேட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். காந்தப் பண்புகள் என்ற சொல் லிஸ் கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது. அவர் அளக்காமல் விடவில்லை. ஆனால் அவர் அளந்தது ஒரு கேள்வி. மிச்சக் கேள்விகள் பத்தாண்டு காத்திருந்தன. 1991இல் ஃபுளோரன்ஸ் குழு, கிரனோபிளில் இருந்த உயர்புல ஒத்ததிர்வுக் கருவியையும் ஏ.சி. ஏற்புத்திறனையும் சேர்த்துப் பயன்படுத்தி, மூலக்கூறின் மொத்தத் தற்சுழற்சி 10 என்று காட்டியது. வெளிவளையத்தின் எட்டு மூவிணைய மாங்கனீசு அயனிகள் 16, உள்ளே கனசதுரமாக அமைந்த நான்கு நாலிணைய அயனிகள் எதிர்த்திசையில் 6, மிச்சம் 10. வெளிவளைய அயனிகளின் ஜான்-டெல்லர் நீட்சிகள் ஏறத்தாழ ஒரே அச்சில் சாய்ந்திருப்பதால் அந்தத் தற்சுழற்சிக்கு மேலும் கீழுமாக இரண்டே திசைகள் இசைகின்றன. இந்தத் திசைசார்பால் ஆற்றல் மட்டங்களிடையே எழும் பிளவு, சாதாரண ஒத்ததிர்வுக் கருவியின் அதிர்வெண் போதாத அளவுக்குப் பெரியது. உயர்புலக் கருவியை நாடாமல் இருந்திருந்தால் அது தெரியவே வாய்ப்பில்லை. 1993இல் ரொபர்த்தா செஸ்ஸோலியும் காத்தெஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில், இந்த மூலக்கூறு ஒவ்வொன்றும் தனித்தனியே காந்தமாகத் திசையை நினைவில் வைத்திருக்கிறது என்று அறிவித்தார்கள். 2 கெல்வின் வெப்பநிலையில் அந்த நினைவு மாதக்கணக்கில் நீடித்தது. உலோகத் துண்டுகள், ஆக்சைடுகள் போன்ற திண்மக் காந்தங்களில் தெரிந்திருந்த காந்தத் தயக்கம், அண்டை மூலக்கூறின் உதவியின்றி ஒரு மூலக்கூறுக்குள்ளேயே இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1996இல் நியூயார்க் குழு ஒன்றும், ஃபுளோரன்ஸோடு இணைந்த கிரனோபிள் குழு ஒன்றும் அதே சேர்மத்தின் காந்தத் தயக்க வளையத்தில் சம இடைவெளியில் படிக்கட்டுகள் இருப்பதைக் கண்டன. குறிப்பிட்ட புலங்களில், தடையின் இருபக்க ஆற்றல் மட்டங்கள் சமமாகும்போது, காந்தமாக்கம் தடையைத் தாண்டாமல் அதன் ஊடே புகுந்துவிடுகிறது. திசை ஒழுங்கில்லாத தூளில் அந்தப் படிகள் ஒன்றோடொன்று கலந்து கரைந்துவிடும். படிகங்களின் அச்சு ஒரே திசையில் நின்றபோதுதான் அவை வெளிப்பட்டன. பிறகு இன்னொரு சிக்கல் எழுந்தது: மூலக்கூறின் நான்மடிச் சமச்சீர் தடை செய்ய வேண்டிய ஊடுருவலும் நடந்துகொண்டிருந்தது. 2002இல் கோர்னியா, செஸ்ஸோலி, காத்தெஸ்கி ஆகியோரின் கூட்டுக் குழு தாழ்வெப்பநிலையில் படிக அமைப்பை மறுபடி எடுத்துப் பார்த்து, ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டியிருக்கும் கரைப்பான் அசிட்டிக் அமிலத்தின் ஒழுங்கின்மை அந்தச் சமச்சீரைக் குலைக்கிறது என்று காட்டியது. உலோகத்தைக் கையாளுபவர் எவரும் பொருட்படுத்தாத கரைப்பான் மூலக்கூறு, குவாண்டம் நிகழ்வின் விதியைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. செய்முறையில் ஒரு சொல்லும் மாறாத ஒரே சேர்மம், 1980இலிருந்து 2002வரை ஒவ்வொரு புதிய அளவீட்டுக்கும் ஒரு புதிய விடை தந்திருக்கிறது. வீகார்ட் 1984இல் தயாரித்த இரும்பு-8 சேர்மமும் இதே வழியில் வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதை மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோனபோது, 0.36 கெல்வினுக்குக் கீழே தளர்வு வெப்பநிலையையே பொருட்படுத்தாமல் நடப்பது தெரிந்தது. 2003இல் நாவோத்தோ இஷிகாவா காந்தமாகக் காட்டிய டெர்பியம் இரட்டையடுக்கு தாலோசயனினும் அறுபதுகளிலிருந்தே அறியப்பட்ட சேர்ம வகைதான். ஒற்றை அயனியே காந்தமாக முடியும் என்ற வாசல் அங்கே திறந்தது.

இதற்கு உடனே எழும் மறுப்பு நியாயமானது. லிஸ் செய்யாமல் இருந்திருந்தால் செஸ்ஸோலி எதை அளந்திருப்பார்? தொகுப்பே முதல் என்பதை எவரும் மறுக்கவில்லை. 1995இல் வெர்தகேரின் குழு வனேடியமும் குரோமியமும் கலந்த பிரஷ்ய நீல வகைச் சேர்மத்தைச் செய்து, 315 கெல்வினில், அதாவது அறை வெப்பநிலையைத் தாண்டியும், காந்தமாக நிற்க வைத்தது. 2017இல் செய்யப்பட்ட டிஸ்ப்ரோசியம் மெட்டலோசீன் நேரயனியும் முற்றிலும் புதியது. ஆனால் இந்தத் தொகுப்புகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கவேண்டும். வனேடியத்தையும் குரோமியத்தையும் வெர்தகேர் தேர்ந்தது, எந்த ஆர்பிட்டால் எதனோடு மேற்பொருந்தினால் இடைவினை வலுக்கும் என்று முன்பே அளந்து வைத்திருந்த அறிவால். டிஸ்ப்ரோசியத்தைப் பொறுத்தவரை, அதன் எலக்ட்ரான் முகில் தட்டையாக விரியும் நிலையை அச்சின் இரு முனைகளில் மட்டும் எதிர்மின்னூட்டம் வைத்துத் தாங்கலாம் என்ற எண்ணத்தை ரைன்ஹார்ட்டும் லாங்கும் 2011இல் தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்த எண்ணமும் அதற்கு முன் அளக்கப்பட்ட லாந்தனைடுச் சேர்மங்களின் மேல் நின்றது. ஆக நல்ல தொகுப்புக்கும் முந்திய அளவீடே வழி காட்டியிருக்கிறது.

இரண்டாம் மறுப்பு கூர்மையானது: எண்ணைத் துரத்தியதால்தானே இத்துறை 2 கெல்வினிலிருந்து திரவ நைட்ரஜன் வெப்பநிலை வரை ஏறியது? 2018இல் லேஃபீல்டு குழுவின் டிஸ்ப்ரோசியச் சேர்மம் 80 கெல்வின்வரை காந்தத் தயக்கம் காட்டியது; அண்மையில் 100 கெல்வினையும் தொட்டிருக்கிறார்கள். பெருமைப்படவேண்டிய உயர்வு இது. ஆனால் இந்த ஏற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை நெருங்கிப் பார்த்தால் எண்ணே வழிகாட்டி என்ற நம்பிக்கை குலைகிறது. தற்சுழற்சியைப் பெருக்கினால் தடை பெருகும் என்று முதலில் நம்பினோம். 2006இல் ஆனி பவலின் குழு 83/2 என்ற மாபெரும் தற்சுழற்சி கொண்ட மாங்கனீசு-19 திரளைத் தந்தது. அயனிகளின் திசைசார்புகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டதால் அதில் குறிப்பிடத்தக்க தடையே இல்லை. மறு ஆண்டு வால்ட்மன் ஏன் அப்படி என்று விளக்கினார்: தற்சுழற்சி கூடும்போது மூலக்கூறின் திசைசார்பு மாறிலி அதற்கேற்பக் குறைந்துவிடுவதால் தடை அதனோடு சேர்ந்து இருமடியாக வளர்வதில்லை. ஒரு பெரிய சேர்மத்தை நேர்மையாக அளந்து, 'இங்கே தடை இல்லை' என்று எழுதியதே பலரைத் திரள்களிலிருந்து ஒற்றை லாந்தனைடு அயனிகளுக்குத் திருப்பிவிட்டது. பிறகு அங்கேயும் அதே பாடம் திரும்பியது. 2016இல் வெளியான ஐங்கோண இருபிரமிடு வடிவ டிஸ்ப்ரோசியம் ஆல்காக்சைடுச் சேர்மத்தின் ஆற்றல் தடை 1815 கெல்வின். அதன் தடுப்பு வெப்பநிலை 14 கெல்வின். அடுத்த ஆண்டு வந்த மெட்டலோசீனின் தடை சற்றுக் குறைவு, 1760 கெல்வின். ஆனால் அதன் தயக்கம் 60 கெல்வின்வரை நீண்டது. தடை எண் மட்டும் கட்டுரைத் தலைப்பில் இருந்திருந்தால் முதல் சேர்மமே மேலானது என்று நாம் முடிவு செய்திருப்போம். இரண்டையும் பிரிப்பது தடையின் உயரம் அன்று. டிஸ்ப்ரோசியம் அயனியைச் சுற்றியிருக்கும் அணுக்களின் அதிர்வுகள் தற்சுழற்சியோடு எந்த அளவுக்குப் பிணைந்திருக்கின்றன என்பதே. அந்த உண்மை, இடைவெப்பநிலைகளில் ரமன் வழித் தளர்வைப் பொறுமையாக அளந்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

ஆற்றல் தடை என்று நம் கட்டுரைகளில் வரும் எண்ணைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில கெல்வின் அகலமுள்ள வெப்பநிலை இடைவெளியில், வெளிப்புலம் கொடுத்த பிறகே தெரியும் தளர்வைக் கொண்டு நேர்கோடு இழுத்துப் பெற்ற தடைகள் பலவற்றுக்கு, அந்த ஆற்றலில் மூலக்கூறுக்கு எந்த மட்டமும் இல்லை. அங்கே நடப்பது மேல்மட்டத்துக்கு ஏறித் தடையைத் தாண்டும் ஆர்பாக் வழி அல்ல. ரமன் வழியின் ஒரு துண்டு குறுகிய சாளரத்தில் நேராகத் தெரிகிறது, அவ்வளவே. அதைத் தடை என்று அச்சிட்டு, அடுத்த கட்டுரையின் ஒப்பீட்டு அட்டவணையில் சேர்த்து, அந்த அட்டவணையைக் கொண்டு ஈனிகளை வடிவமைப்பது நம் இளைய ஆய்வாளர்களின் ஆண்டுகளைப் பாழாக்குகிறது. 'தடுப்பு வெப்பநிலை'யும் இதே போலத்தான். ஒருவர் தளர்வு நேரம் 100 வினாடியாகும் வெப்பநிலையைச் சொல்கிறார். இன்னொருவர் தயக்க வளையம் மூடும் வெப்பநிலையைச் சொல்கிறார், அதுவோ புலத்தை எவ்வளவு வேகமாக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. மூன்றாமவர் புலமின்றிக் குளிர்வித்த வளைவின் உச்சத்தைச் சொல்கிறார். மூன்றும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன.

மூன்றாம் மறுப்பு நம் நாட்டுச் சூழலிலிருந்து வருகிறது. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஸ்குவிட் காந்தமானியும் திரவ ஹீலியமும் சில நிறுவனங்களில்தான் இருக்கின்றன. ஹீலியத்தை நாம் இறக்குமதி செய்கிறோம். மாவட்டக் கல்லூரியில் இருக்கும் ஆசிரியருக்குப் படிகம் வளர்ப்பது கைக்கெட்டும், அளப்பது எட்டாது. உண்மைதான். ஆனாலும் இத்துறையின் தொடக்கமே எளிய கருவியில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவிலும் பிறகு கல்கத்தாவிலும், ஒற்றைப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, சீரான காந்தப் புலத்தில் வைத்து, இழையின் மேல்முனையைத் திருகிக்கொண்டே போய்ப் படிகம் சட்டென்று புரண்டுவிடும் கோணத்தைக் குறித்து, வெவ்வேறு திசைகளின் ஏற்புத்திறன் வேறுபாட்டைக் கணக்கிட்டார். சக்ரவர்த்தியுடனும் பானர்ஜியுடனும் 1933இல் அவர் வெளியிட்ட பாராகாந்தப் படிக அளவுகள், அப்போது உருவாகிக்கொண்டிருந்த படிகப் புலக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க உதவின. இன்று ஃபுளோரன்ஸில் லாந்தனைடுச் சேர்மங்களின் காந்த அச்சைத் தீர்மானிக்கப் பயன்படுத்தும் முறுக்குவிசைக் காந்தமானியும், அடிப்படையில், படிகம் புலத்தில் திரும்ப முயலும் விசையையே அளக்கிறது. ஒற்றைப் படிகத்தின் திசைகளை அறிந்து அளக்கும் பழக்கம் நம் மண்ணில் செழித்தது. அதைத் தூளுக்காகக் கைவிட்டோம். தாழ்ந்த வெப்பநிலை அளவீட்டுக்கு மாற்று இல்லை என்பது சரி. ஆனால் படிகத்தின் தரம், கரைப்பான் வெளியேறுவது, திசை, அறை வெப்பநிலையில் திசைசார்பு ஆகியவற்றை முழுமையாக அறிந்து, அந்த அறிவோடு மாதிரியை உயர்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பும் ஆசிரியர், அங்கே அளக்கப்படும் சேர்மத்தின் உடன் ஆய்வாளர் ஆகிறார். வெறும் வழங்குநராக நிற்க வேண்டியதில்லை.

கணினியே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட பதில் தேவையில்லை. தற்சுழற்சி-சுற்றுப்பாதை இடைவினையைச் சேர்த்த கணக்கீடுகள் இன்று மிக நம்பகமானவை. டிஸ்ப்ரோசியம் மெட்டலோசீனைப் புரிந்துகொண்டதில் அவற்றின் பங்கு பெரிது. ஆனால் அவை நாம் கொடுக்கும் அணுநிலைகளைக் கொண்டே கணக்கிடுகின்றன. ஒழுங்கற்றுக் கிடக்கும் அசிட்டிக் அமிலத்தை நாம் கொடுக்காமல் விட்டால், மாங்கனீசு-12இன் ஊடுருவலை எந்தக் கணக்கும் விளக்காது.

இந்தக் காரணங்களால் வரும் இதழ்களிலிருந்து சில மாற்றங்களைச் செய்கிறோம். காந்தத் தளர்வைப் பற்றிய கட்டுரையில் படிகத்தை வடிகட்டியது முதல் மாதிரிக் குடுவையில் அடைத்தது வரை அது காற்றிலும் வெற்றிடத்திலும் எவ்வளவு நேரம் இருந்தது, அளக்கும் முன் தூளின் எக்ஸ்-கதிர் வடிவம் ஒற்றைப் படிக அமைப்போடு பொருந்தியதா என்பதை எழுத வேண்டும். புலத்தில் துகள்கள் திரும்பாமல் இருக்க எதில் பதித்தார்கள் என்பதும் வேண்டும். ஆற்றல் தடையைச் சொல்பவர், அதே ஆற்றலில் மட்டம் இருப்பதற்கு நிறமாலையிலோ கணக்கீட்டிலோ ஒரு சான்று காட்ட வேண்டும். காட்ட இயலாதபோது தளர்வு நேர அளவுகளை முழுமையாகத் தந்து, தடை என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும். தடுப்பு வெப்பநிலைக்கு எந்த வரையறை என்பதையும், புலமாற்ற வேகத்தையும் சுருக்கத்திலேயே குறிக்க வேண்டும். பிறர் முன்பே வெளியிட்ட சேர்மத்தை மறுபடி தயாரித்து, புதிய முறையில் அளந்து, பழைய முடிவை உறுதிசெய்தோ திருத்தியோ எழுதும் கட்டுரைகளை 'புதுமை இல்லை' என்ற காரணம் காட்டித் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று மதிப்பீட்டாளர்களைக் கேட்டிருக்கிறோம். அவற்றுக்கு இதழில் தனிப் பகுதி இருக்கும். முதலில் தயாரித்தவருக்குக் கையெழுத்துப் படியின் நகல் அனுப்புவோம்; அவர் விரும்பினால் அவருடைய குறிப்பும் அதோடு சேர்ந்து வெளிவரும்.

இளைய ஆய்வாளர்களுக்கு இது பாதகமாகுமே, முனைவர் பட்டத்துக்கும் வேலைக்கும் கட்டுரை எண்ணிக்கையைத்தானே பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்க்கும் குழுக்களை நம்மால் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் மாங்கனீசு-12இல் வேலை தொடங்கியபோது செஸ்ஸோலி காத்தெஸ்கியின் ஆய்வு மாணவி. அவர் பெயரை உலகம் அறிந்தது வேறொருவர் தயாரித்த ஒரு சேர்மத்தால். 2002இல் ஐரோப்பிய இயற்பியல் பரிசைக் காத்தெஸ்கியுடனும் பார்பரா, ஃபிரீட்மன், வெர்ன்ஸ்டோர்ஃபர் ஆகியோருடனும் அவர் பகிர்ந்துகொண்டதும் அதே வழியில் தொடர்ந்த வேலைக்காக. பின்னர் தங்கப் பரப்பில் மாங்கனீசு-12 தாங்காமல் ஒடுக்கமடைந்து சிதைகிறது என்று அவருடைய குழுவே அளந்து காட்டி, அதை வெளியிட்டு, இரும்பு-4 சேர்மத்துக்கு மாறி, 2009இல் தங்கத்தின் மேல் ஒட்டிய மூலக்கூறும் காந்த நினைவை இழக்காமல் இருப்பதை நிறுவியது. அந்தச் சிதைவைப் பற்றிய கட்டுரை போன்ற ஒன்று நம் அலுவலகத்துக்கு வந்தால் அதை முதலில் படிக்க ஒரு மதிப்பீட்டாளர் குழு தயாராக இருக்கிறது. உங்கள் ஆய்வகத்தின் அலமாரியில், ஒரு தடை எண்ணோடு நிறுத்திவைத்த சேர்மங்களின் குறிப்பேடுகளிலிருந்தே அத்தகைய கட்டுரைகளைத் தொடங்கலாம்.